மூன்று சக்கரமும் ஒரு கணக்கு நோட்டும்

(மூத்த குடிமக்கள் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஓய்வுக்குப் பிறகு கற்றுக்கொண்ட ஏதாவது ஒன்றைப் பற்றி ஆளுக்கு இருபது நிமிடம் பேச வேண்டும் என்பது நம் வட்டத்தின் ஏற்பாடு. போன மாதம் மாடித் தோட்டம் பற்றிக் கேட்டோம். அதற்கு முந்தைய மாதம் சர்க்கரை நோய்க்கான சாப்பாடு. இந்த மாதம் என் முறை. நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். ஸ்பேனரைவிடப் பேனாவை அதிகம் பிடித்த கை இது. அப்படிப்பட்டவன் இன்று பேசப்போவது, ஒரு பழைய மூன்று சக்கர வண்டியை வீட்டிலேயே பிரித்து, பழுது பார்த்து, மறுபடியும் ஓட வைத்ததைப் பற்றி.

மூன்று சக்கரம் என்றதும் ஆட்டோ என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஊரில் இந்த வண்டியைப் பார்த்திருக்க மாட்டீர்கள். மோட்டார் சைக்கிள் மாதிரி ஹேண்டில்பார், மோட்டார் சைக்கிள் மாதிரி சீட், ஆனால் முன்னால் ஒன்று பின்னால் இரண்டு என்று பலூன் போல உப்பிய மூன்று டயர்கள். மணல், பனி, சேறு, உழுத வயல் என்று எதன் மேலும் போகும். சாலையில் மட்டும் ஓட்டக் கூடாது. ஹோண்டா நிறுவனம் இதற்கு ஏடிசி என்று பெயர் வைத்தது. எல்லா நிலத்துக்குமான சைக்கிள் என்று பொருள்.

என் மகள் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கிறாள். நானும் என் மனைவியும் அங்கே ஆறு மாதம் போய் இருந்தோம். போனவர்களுக்குத் தெரியும், மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போன பிறகு அந்த ஊரில் நமக்கு என்ன வேலை? பக்கத்து வீட்டுக்காரர் அறுபதைத் தாண்டியவர், தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒரு விவசாயியின் கொட்டகையில் பல வருஷம் வைக்கோலுக்கு அடியில் கிடந்த 1977-ஆம் வருஷத்து ஏடிசி 90 ஒன்றை விலைக்கு வாங்கி வந்து தன் கராஜில் நிறுத்தியிருந்தார். நான் வேலிப்பக்கம் நின்று வேடிக்கை பார்த்தேன். "சும்மா நிற்பதற்கு உள்ளே வாருங்களேன்" என்றார். பதினான்கு வாரம் உள்ளேயே இருந்துவிட்டேன். அவர் மெக்கானிக், நான் கையாள், கணக்காளர். நோட்டு என் பொறுப்பு.

வண்டியின் பூர்வீகம்

முதலில் வண்டி எங்கிருந்து வந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லப்போகும் முக்கியமான விஷயம் அதில்தான் இருக்கிறது.

1960-களின் கடைசியில் அமெரிக்காவில் ஹோண்டா டீலர்களுக்கு ஒரு கஷ்டம். குளிர்காலத்தில் பனி கொட்டும்போது மோட்டார் சைக்கிள் விற்காது. குளிர்காலத்திலும் விற்க ஏதாவது கொடுங்கள் என்று கேட்டார்கள். அந்த வேலை ஜப்பானில் ஒசாமு தகேயுச்சி என்ற பொறியாளரிடம் போனது. இரண்டு சக்கரம் முதல் ஆறு சக்கரம் வரை வைத்துப் பார்த்தார்கள். அவர்களிடம் இருந்ததோ சிறிய எஞ்சின், ஏழு குதிரைத்திறன். அந்தச் சின்ன சக்தியைப் பனியிலும் சேற்றிலும் நன்றாகப் பயன்படுத்தியது மூன்று சக்கர அமைப்பு. 1970-இல் யூஎஸ் 90 என்ற பெயரில் 595 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. பிறகுதான் ஏடிசி 90 என்று பெயர் மாறியது. 1971-இல் வந்த 'டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்' ஜேம்ஸ்பாண்டு படத்தைப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். பாலைவனத்தில் ஷான் கானரி ஓட்டிப் போகிறாரே, அது இந்த வண்டிதான்.

1980-களில் இது அமெரிக்காவில் பெரிய மோகமாகிவிட்டது. பண்ணைக்கு வாங்கியவர்கள் உண்டு. பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் போல வாங்கிக் கொடுத்தவர்கள் அதைவிட அதிகம். விபத்துகளும் கூடவே வந்தன. பல நூறு உயிர்கள் போயின. அதில் குழந்தைகள் நிறைய. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் நடவடிக்கை எடுத்தது. 1988-இல் நீதிமன்றத்தில் ஒரு ஒப்பந்தம் ஏற்பட்டு, தயாரிப்பாளர்கள் புதிய மூன்று சக்கர வண்டி விற்பதை நிறுத்தினார்கள். நான்கு சக்கர வண்டிகள் அந்த இடத்துக்கு வந்தன. 2008-இல் வந்த சட்டம் புதிய மூன்று சக்கர வண்டிகளை இறக்குமதி செய்வதையும் விற்பதையும் தடுத்தது. ஆனால் ஏற்கெனவே ஜனங்களிடம் இருந்த வண்டிகளை யாரும் திருப்பி வாங்கவில்லை. அவை கொட்டகைகளில் தூங்குகின்றன. அப்படித் தூங்கிய ஒன்றைத்தான் நாங்கள் எழுப்பினோம்.

பழுது வேறு, குணம் வேறு

விபத்து ஏன்? நம் ஆட்டோவோடு ஒப்பிட்டால் சுலபமாகப் புரியும். வண்டி வளையும்போது உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரமும் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரமும் போக வேண்டும். ஆட்டோவின் பின்பக்கம் டிஃபரன்ஷியல் என்ற அமைப்பு இருக்கிறது. இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற அது இடம் கொடுக்கும். ஏடிசியில் அது கிடையாது. ஒரே இரும்புத் தண்டில் இரண்டு பின்சக்கரமும் இறுகியிருக்கின்றன. இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேராகத் தள்ளிக்கொண்டு போகப் பார்க்கும். ஓட்டுகிறவர் வெளிப்பக்கக் காலில் அழுத்தி, உடம்பை உள்பக்கம் சாய்த்து, உள்சக்கரத்தின் பாரத்தைக் குறைத்தால்தான் ஒழுங்காக வளையும். கொஞ்சம் தப்பினால் குடை சாயும்.

அடுத்து, இந்த மாடலில் ஸ்பிரிங் கிடையாது, ஷாக் அப்சார்பர் கிடையாது. பலூன் டயர்தான் எல்லாம். மேட்டில் ஏறி இறங்கினால் பந்து மாதிரி துள்ளும். செங்குத்தான மேட்டில் ஏற்றினால் பின்பக்கமாகக் கவிழப் பார்க்கும். இன்னொன்று, மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகியவர் தடுமாறும்போது தன்னையறியாமல் காலைத் தரையில் ஊன்றுவார். இதில் அப்படி ஊன்றினால் அவருடைய பின்சக்கரமே அவர் கால் மேல் ஏறும்.

இவற்றில் எதுவும் பழுது அல்ல என்பதைக் கவனியுங்கள். புது வண்டியிலும் இதெல்லாம் இருந்தது. துரு பழுது. அடைத்த கார்புரேட்டர் பழுது. தேய்ந்த பிரேக் பழுது. இவற்றைச் சரி செய்யலாம். டிஃபரன்ஷியல் இல்லாதது அதன் குணம். எவ்வளவு செலவு செய்து எவ்வளவு பளபளப்பாக்கினாலும் குணம் மாறாது. பழைய பொருளைப் புதிதாக்குவது என்றால், அது புதிதாக இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படி ஆக்குவது. அன்றைக்கு இருந்த ஆபத்தும் அதில் சேர்த்திதான். இன்று நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இந்த ஒரு விஷயம்தான்.

வேலை நடந்த வரிசை

இனி வேலையைச் சொல்கிறேன். நம்மில் யாராவது பழைய ஸ்கூட்டரையோ தையல் மெஷினையோ எடுத்து உட்கார நினைத்தால் இதில் பாதி அப்படியே உதவும்.

முதல் வேலை காகிதம். வாங்கியதற்கு ரசீது, விற்றவர் கையெழுத்து, சட்டத்தில் அடித்திருக்கும் எண் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தோம். அந்த மாநிலத்தில் சாலைக்கு வெளியே ஓடும் வண்டிக்கும் உரிமைப் பத்திரம் வேண்டும். ஈடு என்ன என்று பார்க்காமல் பேனாவை எடுக்காத துறையில் இருந்தவன் நான். திருட்டு வண்டிக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கக் கூடாது இல்லையா?

இரண்டாவது, எஞ்சின் இறுகிப்போயிருக்கிறதா என்ற சோதனை. வருஷக்கணக்கில் நின்ற எஞ்சினை எடுத்த எடுப்பில் கயிறு இழுத்துச் சுற்றக் கூடாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் எண்ணெய் விட்டு, இரண்டு நாள் ஊறவிட்டு, மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். சுற்றியது. அது சுற்றியிருக்காவிட்டால் செலவுக் கணக்கே வேறு மாதிரி போயிருக்கும். பெரிய செலவுக்கு முன்னால் இந்தச் சின்னச் சோதனை அவசியம்.

மூன்றாவது, பிரிப்பது. இங்கேதான் கிளார்க்குக்கு வேலை. ஒவ்வொரு பாகத்தைக் கழற்றும் முன்னும் பின்னும் போனில் போட்டோ. கழற்றிய திருகாணிகளை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு, எந்த இடம், எத்தனை, எந்தத் தேதி என்று சீட்டு எழுதி உள்ளே வைப்பேன். மொத்தம் 63 பை. வங்கியில் வவுச்சர் கட்டுகிற பழக்கம். ஏழு வாரம் கழித்துப் பூட்டும்போது ஒரு வாஷர்கூட மிச்சம் விழவில்லை. என் மனைவி மட்டும், "அட்லாண்டிக்கைத் தாண்டி வந்தும் லெட்ஜரா?" என்று கேட்டாள்.

ஸ்க்ரூ டிரைவர் பற்றி ஒரு வார்த்தை. பழைய ஜப்பான் வண்டிகளில் இருக்கும் ஸ்டார் ஸ்க்ரூ பார்ப்பதற்குச் சாதாரண பிலிப்ஸ் மாதிரியே இருக்கும். ஆனால் அது ஜப்பான் தர அளவு, ஜேஐஎஸ் என்பார்கள். வெட்டின் வடிவம் கொஞ்சம் வேறு. சாதாரண பிலிப்ஸ் டிரைவரைப் போட்டு அழுத்தினால் நழுவி, ஸ்க்ரூவின் தலையை மழுக்கிவிடும். மழுங்கிய ஸ்க்ரூவை எடுப்பதற்குள் உயிர் போய்விடும். ஜேஐஎஸ் டிரைவர் தனியாகக் கிடைக்கிறது. வீட்டில் பழைய ஜப்பான் கேமராவோ தையல் மெஷினோ வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, பிரேக். எஞ்சின் ஓடுவதைக் கேட்கத்தான் எல்லோருக்கும் ஆசை. அவர் அப்படிச் செய்யவில்லை. "நிற்கத் தெரியாததை ஓட விடக் கூடாது" என்றார். இந்த வண்டிக்குப் பின்பக்கம் ஒரே ஒரு டிரம் பிரேக். அது போனால் வேறு கதி இல்லை. பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் டிரம்முக்குள் இருந்த தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது, வாயால் ஊதுவதும் கூடாது. ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்தினோம். ஷூ, பின்தண்டின் பேரிங், ஆயில் சீல், செயின், ஸ்ப்ராக்கெட் எல்லாம் புதிது. தண்டு வளைந்திருக்கிறதா என்று சுற்றவிட்டுப் பார்த்தார். நல்லவேளை, நேராக இருந்தது.

ஐந்தாவது, பெட்ரோல் டேங்க். உள்ளே ஒரே துரு. அதில் வெள்ளை வினிகரை நிரப்பி மூன்று நாள் வைத்தோம். நடுவில் கொஞ்சம் நட்டுகளைப் போட்டுக் குலுக்கினோம். துரு கரைந்து பழுப்புத் தண்ணீராக வந்தது. பிறகு ஆப்ப சோடா கரைத்த தண்ணீர் விட்டு அமிலத்தைப் போக்கி, அலசி, உடனே உலர்த்தி, கொஞ்சம் எண்ணெய் விட்டு உள்பக்கம் முழுக்கப் படியவிட்டோம். உலர்த்தத் தாமதித்தால் ஒரே நாளில் துரு திரும்பி வரும்.

ஆறாவது, கார்புரேட்டர். நின்றுபோன வண்டிகளில் முதலில் சந்தேகப்பட வேண்டிய ஆள் இவர்தான். பெட்ரோல் வருஷக்கணக்கில் உள்ளேயே காய்ந்தால் பிசின் மாதிரி படியும். ஜெட் என்று சொல்லும் தலைமுடி கனத்து ஓட்டைகள் அடைத்துக்கொள்ளும். கிளீனர் தெளித்து, மெல்லிய செம்புக் கம்பியால் துழாவி, காற்றடித்துச் சுத்தம் செய்தோம். எஃகுக் கம்பி கூடாது. ஓட்டை பெரிதாகிவிட்டால் அளவு கெட்டுவிடும். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது பழைய ரப்பரை உப்ப வைக்கும், கரைக்கும். அதனால் குழாய், வாஷர் எல்லாவற்றையும் மாற்றினோம்.

ஏழாவது, எஞ்சினின் நுட்பமான அளவுகள். வால்வின் இடைவெளி 0.05 மில்லிமீட்டர். நாம் எழுதும் தாளின் கனத்தில் ஏறக்குறைய பாதி. எஞ்சின் ஆறியிருக்கும்போதுதான் அளக்க வேண்டும். பிறகு பாயிண்ட் என்ற தொடுமுனையைச் சுத்தம் செய்து இடைவெளி வைத்தார். நம் காலத்து ஸ்கூட்டர்காரர்களுக்கு இது பழகிய விஷயம். ஒரு சனிக்கிழமை காலை, கராஜ் கதவை முழுக்கத் திறந்து வைத்துவிட்டு, பின்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, கயிற்றை இழுத்தார். ஐந்தாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. கதவை ஏன் திறக்க வேண்டும் என்றால், புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை வாசனையும் இல்லை. மூடிய அறையில் ஆளைக் கொன்றுவிடும்.

எட்டாவது, டயர். நம் காருக்கு 30, 32 பவுண்டு காற்று அடிக்கிறோம். இதற்கு எவ்வளவு தெரியுமா? சுமார் 2 பவுண்டு! சாதாரண கேஜில் முள்ளே அசையாது. குறைந்த அழுத்தத்துக்கென்று தனி கேஜ் வாங்கினோம். பின்சக்கரம் இரண்டிலும் காற்று ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒன்றில் அதிகமானால் அந்தச் சக்கரத்தின் சுற்றளவு பெரிதாகி, வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். அதனால் கேஜ் வைத்துப் பார்த்த பிறகும் டயரைச் சுற்றித் தையல்காரர் டேப் வைத்து அளந்தோம்.

பெயிண்ட் கடைசி. அதற்கு இவ்வளவு பேச்சு தேவையில்லை. சட்டத்துக்கு வெளியே கொடுத்து பவுடர் கோட்டிங், சீட்டுக்குப் புது உறை. முடிந்தது.

நோட்டு சொன்ன கணக்கு

இப்போது என் பகுதி. வண்டி 350 டாலர். மூன்று டயர் 270. பிரேக், பேரிங், செயின் வகையறா 210. பெயிண்ட், பவுடர் கோட்டிங் 240. கருவிகள் 90. கார்புரேட்டர் பாகம், பிளக், குழாய்கள் 65. சீட் உறை 55. எண்ணெய், வினிகர், சில்லறை 60. ஆக மொத்தம் 1,340 டாலர். இரண்டு பேரும் சேர்ந்து உழைத்தது 116 மணி நேரம். கூலி பூஜ்யம்.

விற்றால் என்ன வரும் என்று கேட்டேன். 1,200 வந்தால் அதிர்ஷ்டம் என்றார். அதாவது 140 டாலர் நஷ்டம், உழைப்பைச் சேர்க்காமல். லாபத்துக்காக இந்த வேலையில் இறங்குகிறவர்கள் இந்த வரியை முதலில் படிக்க வேண்டும். பழையதைப் புதுப்பித்தால் லட்சம் லட்சமாக வரும் என்று யாராவது சொன்னால், அவர்களுடைய நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் நோட்டே இருக்காது.

"நஷ்டம்தானே, வருத்தமில்லையா?" என்றேன். "ஒரு மாதம் கடலில் கப்பல் பயணம் போனவன் டிக்கெட்டைத் திருப்பி விற்க முடியுமா?" என்று கேட்டார். எனக்கு அந்தப் பதில் சரியாகப் பட்டது. நோட்டில் தலைப்பை 'முதலீடு' என்பதிலிருந்து 'செலவு' என்று மாற்றி எழுதினேன். தலைப்பு சரியாக இருந்தால் அந்த 140 டாலர் யாரையும் உறுத்தாது.

பேரன்

ஆனால் பணத்தைவிடப் பெரிய கணக்கு ஒன்று பாக்கி இருந்தது. அவருக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு பேரன். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். துரு தேய்ப்பான், திருகாணி கழுவுவான். வண்டி தயாரானதும் நீதான் முதலில் ஓட்டப்போகிறாய் என்று தாத்தா ஆரம்பத்திலேயே சொல்லிவைத்திருந்தார். வண்டியே அவனுக்காகத்தான்.

மிச்சிகன் மாநிலச் சட்டப்படி பதினாறு வயதுக்குக் குறைந்தவர் மூன்று சக்கர வண்டியை ஓட்டக் கூடாது. பெரியவர்கள் கூட இருந்தாலும் கூடாது. பையனின் அம்மா அதைச் சுட்டிக்காட்டினாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் பன்னிரண்டு வயதில் ஓட்டவில்லையா? எனக்கு ஒன்றும் ஆகவில்லையே!" என்றார். என்னையும் பார்த்தார், ஆதரவுக்கு.

விருந்தாளியாகப் போன ஊரில், அடுத்தவர் குடும்ப விஷயத்தில், நான் என்ன சொல்வது? இருந்தாலும் கேட்டுவிட்டதால் எனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னேன். "வங்கியில் ஈடு இல்லாமல் கொடுத்த கடன் சில சமயம் ஒழுங்காகத் திரும்பி வந்துவிடும். அதனால் அது நல்ல கடன் ஆகிவிடாது. தப்பித்த கடன், அவ்வளவுதான். உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது உங்கள் கணக்கு. ஒன்று ஆனவர்கள் வந்து பேச மாட்டார்கள்."

அவர் பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கராஜ் திறக்கவில்லை. என் மகள்கூட, "அப்பா, ஏதாவது சொல்லிவிட்டீர்களா?" என்று கேட்டாள். மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார். பிரேக், எஞ்சின், டயர் எல்லாம் அவர் கையால் சரி செய்தவை. ஒவ்வொன்றையும் நம்பலாம். ஆனால் வளைவில் பையனின் எடை உள்சக்கரத்தின் பாரத்தைக் குறைக்கப் போதுமா, தடுமாறினால் காலை ஊன்றாமல் இருப்பானா, இந்த இரண்டையும் எந்த ஸ்பேனராலும் சரி செய்ய முடியாது என்பதை அவர் யோசித்திருக்கிறார். என்னிடம் அதை விளக்கிச் சொன்னவரே அவர்தானே.

பேரனிடம் அவரே சொன்னார். பையன் அழவில்லை, கத்தவில்லை. இரண்டு ஞாயிறு வரவில்லை. அது கத்துவதைவிடக் கஷ்டமாக இருந்தது. மூன்றாவது ஞாயிறு வந்தான். தாத்தா ஹெல்மெட், கண்ணாடி, முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு நண்பரின் வெட்டவெளி நிலத்தில் வண்டியை ஓட்டினார். பேரன் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்து கொடுத்தான், டயர் காற்று பார்த்தான். சாவியை இன்னும் நான்கு வருஷம் தாத்தா வைத்திருப்பார் என்று ஏற்பாடு. பையனுக்கு அது முழுத் திருப்தி என்று சொல்ல மாட்டேன். கணக்கு நேர் செய்யப்படவில்லை, முன்னால் கொண்டுபோகப்பட்டிருக்கிறது.

நமக்கு என்ன

நம் பேஸ்மெண்ட்டில் ஓடாத வண்டிகள் எத்தனை நிற்கின்றன என்று எல்லோருக்கும் தெரியும். அப்பாவின் ஸ்கூட்டர், கல்யாணத்தில் வாங்கிய மொபெட். எடுத்துப்போடச் சொல்லி சங்கம் நோட்டீஸ் ஒட்டுகிறது. சொந்தக்காரர்களுக்கு மனசு வரவில்லை. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. வண்டியைப் புதுப்பிக்க நினைப்பவர்களுக்கு நான்கு கேள்விகள் மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, காகிதம் இருக்கிறதா? சொந்த வண்டியின் ஆர்.சி. 15 வருஷத்துக்குத்தான். அதற்குப் பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். ஸ்பேனரை எடுக்கும் முன் அதை விசாரியுங்கள்.

இரண்டு, எங்கே வைத்துச் செய்வீர்கள்? பேஸ்மெண்ட்டில் பெட்ரோல் இறக்குவது கூடவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தவழ்ந்து போய் எங்கோ ஒரு ஸ்விட்ச் பொறியில் பற்றும். எஞ்சினையும் அங்கே ஓட விடாதீர்கள். திறந்த இடம், சங்கத்தின் அனுமதி, பக்கத்தில் தீயணைப்பான், மூன்றும் வேண்டும்.

மூன்று, என்ன தலைப்பில் செலவு? திரும்பி வராது என்று தெரிந்து, மனநிறைவுக்காகச் செய்தால் செய்யுங்கள்.

நான்கு, முடிந்ததும் அதில் யார் ஏறப் போகிறார்கள்? இந்தக் கேள்விக்கு வேலை ஆரம்பிக்கும் முன்பே பதில் எழுதி வையுங்கள். வண்டி பளபளவென்று நிற்கும்போது, ஆசையோடு ஒரு குழந்தை பக்கத்தில் நிற்கும்போது, வேண்டாம் என்று சொல்வது மிகவும் கஷ்டம். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எனக்குக் கொடுத்த இருபது நிமிடத்தில் இரண்டு நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டேன். அதைச் செயலாளர் அடுத்த மாதம் பேசுகிறவர் கணக்கில் கழித்துக்கொள்ளட்டும். வண்டி வைத்திருப்பவர்கள் யாராவது பிரிக்க ஆரம்பித்தால் சொல்லி அனுப்புங்கள். மெக்கானிக் வேலை தெரியாது. ஆனால் திருகாணிப் பைகளுக்குச் சீட்டு எழுத நான் தயார்.